அண்ணையின் மூன்று வசனங்கள்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்த ஃபோட்டோ ஸ்டூடியோவுக்கு அண்ணை முதன்முதலாக வந்தபோது, விசாவுக்குப் படம் எடுக்க வந்தவர் என்று நினைத்து, "அசையாதேங்கோ" என்றேன். "இல்லைத் தங்கச்சி, எனக்கு நாலு முகம் வேணும். ஒண்டு சந்தோசம், ஒண்டு கவலை, ஒண்டு கள்ளன், ஒண்டு சும்மா நிக்கிற ஆள்" என்றார். சினிமா கம்பனிகளுக்கு அனுப்புவதற்காம். முதல் மூன்றும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. சும்மா நிற்கும் ஆளின் முகத்துக்குத்தான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது. யாழ்ப்பாணத்தில் இருபது வயதிலேயே தலையில் மாப் பூசிக்கொண்டு தகப்பன் வேடம் போட்டவர். இங்கே திரான்சிப் புறநகர் மண்டபத்துத் தமிழ் நாடகங்களில் தரகர், டாக்டர், பொலிஸ்காரர். ஒருநாளும் கதாநாயகன் இல்லை. பிரெஞ்சுப் படங்களில் அதைவிடச் சிறிய வேடங்கள்: ரோசாப்பூ விற்பவர், வாய் திறக்காத சாட்சி. "எவ்வளவு சின்ன வேஷம் எண்டாலும், அந்த மனுசன் காலமை என்ன சாப்பிட்டவன் எண்டு எனக்குத் தெரியோணும்" என்பார். ஒருமுறை உணவகத்தில் கோப்பை கழுவுபவராக நடித்தபோது, கழுவும் விதம் சரியில்லை என்று இயக்குநர் திருத்தினாராம். பதினெட்டு வருடமாக அதே வேலையைச் செய்துகொண்டிருந்த அண்ணை, மறுபேச்சில்லாமல் அவர் காட்டியபடி கழுவினார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு அந்த வேடம் வந்தது. இறந்துபோன மகனைப் பிணவறையில் அடையாளம் காட்டும் தகப்பன். ஒரே காட்சி, மூன்று வசனங்கள், அதுவும் பிரெஞ்சில். 'இவன் என் மகன். இவனுக்குக் குளிர் ஆகாது. இன்னொரு போர்வை தாருங்கள்.' நான் பத்து வயதிலேயே இங்கே வந்தவள். பிரெஞ்சு எனக்குச் சரளம். ஆகவே ஒப்பந்தத்தை வாசித்து விளக்கியதும் நான்தான், உச்சரிப்பைத் திருத்தியதும் நான்தான். ஒரு மாதம் பின்னேரங்களில் ஸ்டூடியோவின் திரைக்குப் பின்னால் நின்று அவர் அந்த மூன்று வசனங்களையும் சொல்லிப் பார்த்தார். படப்பிடிப்புக்கும் கூடப் போனேன். 'போர்வை' என்ற சொல்லில் அவருடைய குரல் உடையவில்லை. கடையில் சாமான் கேட்பது போலத் தணிந்து, மரியாதையாக வந்தது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படம் வெளியானதும் மனைவியையும் மகளையும் என்னையும் ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கமிருந்த தியேட்டருக்குக் கூட்டிப்போனார். அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தார். பிணவறைக் காட்சி வந்தது. திரை நிறைய அண்ணையின் முகம். வாய் அசைந்தது. வெளியே வந்தது வேறு யாரோ ஒருவருடைய குரல். கனமான, பிழையில்லாத பிரெஞ்சு.

"இஞ்சேருங்கோ, இது உங்கட குரல் இல்லையே" என்றார் அண்ணையின் மனைவி.

"ஓம். பேசாமப் பாரும்."

முன்வரிசையில் யாரோ விம்மி அழுதார்கள். அண்ணை கடைசிவரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த நாள் நான் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். சொற்கள் தெளிவாக இல்லாததால் வேறு குரல் போட்டோம், அப்படி மாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்றாள் ஒருத்தி. இருந்தது. மூன்றாம் பக்கத்தில். அந்தப் பத்தி வழக்கமாக எல்லாவற்றிலும் இருப்பதுதான் என்று நினைத்து நான் அவருக்குச் சொல்லாமல் தாண்டியிருந்தேன். சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு உதவவில்லை. அவரிடம் உண்மையைச் சொன்னபோது, "விடுங்கோ தங்கச்சி, முகம் என்ரைதானே" என்றார்.

ஆனால் அதற்குப் பிறகு பேசும் வேடம் கேட்டு அவர் எங்கும் போகவில்லை. திரான்சி மேடையிலும் வசனத்துக்கு நடுவே நிறுத்தி, "பின்னால கேக்குதோ?" என்று கேட்கத் தொடங்கினார். சனம் சிரித்தது. இரண்டு நாடகங்களில் அப்படி நடந்தபின் மேடையையும் விட்டார். வில்லியே லே பெல் வீட்டிலிருந்து வேலைக்குப் போனார், வந்தார். போன மாரியில் இறந்துபோனார்.

சென்ற மாதம் அவருடைய மகள் என்னைத் தேடி வந்தாள். அவள் பிரெஞ்சில்தான் பேசுவாள். அப்பாவின் குரல் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவர் அனுப்பிய குரல் செய்திகள் பழைய போனோடு போய்விட்டனவாம். நாடகங்களை வீடியோ எடுத்தவர்களையும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். என்னிடம் இருந்தவை படங்கள் மட்டுந்தான்.

"அந்த மூன்று வசனங்களையும் அவர் எப்படிச் சொன்னார்? நீங்கள் கேட்டீர்கள்தானே, சொல்லிக் காட்டுங்கள்" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் முறையும் சொன்னேன். சொற்கள் சரியாக வந்தன, ஒரு பிழைகூட இல்லை. இனித்தான் அப்பாவின் குரல் வரும் என்பதுபோல அவள் காத்திருந்தாள். பிறகு நன்றி சொல்லிவிட்டு மெட்ரோவை நோக்கி நடந்தாள்.