பகல் தூக்கத்தில் வைத்த இசைத்தட்டு

நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்கும் வீட்டில் பகலில் ஒரு கரண்டிகூட கீழே விழக் கூடாது. எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அம்மா கதவைச் சாத்திக்கொண்டுதான் குழம்பு தாளிப்பாள்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் பெல்ட் வேலை. மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு ஓடும் அந்த நீளமான ரப்பர் பட்டைக்குப் பக்கத்தில் இரவெல்லாம் நிற்க வேண்டும். தூக்கம் கெட்டால் கண் அசரும், கண் அசந்தால் கை போகும் என்பாள் அம்மா.

அப்போது அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, காடாம்புலியூரிலிருந்து வந்து எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவரின் பங்களாவில் கான்ட்ராக்டில் தோட்ட வேலை. ஒரு நாள் மத்தியானம் வாளியை உருட்டிவிட்டு அப்பாவை எழுப்பிவிட்டார்.

"இன்னொரு தடவை என் தூக்கம் கெட்டுதுன்னா நீ ஊருக்கு பஸ் ஏறிடணும் மச்சான்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். மாமா போய்விட்டால் என்னோடு சிரித்துப் பேச அந்த வீட்டில் ஆள் கிடையாது.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் தன் நாட்டுக்குத் திரும்பினார். போகும்போது பெட்டி போல மூடித் தூக்கும் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரு இசைத்தட்டையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தட்டின் அட்டையில், முடி தோளில் புரள நாலு பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுங்க ஆம்பளயாடா, பொம்பளயாடா?" என்றாள் அம்மா.

"பாட்டு பாடுறவங்கக்கா."

"பாடுறவனுக்கு முடி வெட்ட ஆளு கெடைக்கலியா? எடுத்து உள்ள வையி. ஒங்க மாமா தூங்கிகினு இருக்காரு."

அம்மா துணி துவைக்கக் கொல்லைப்பக்கம் போனதும் மாமாவுக்குக் கை பரபரத்தது. "சின்னதாத்தான் வைக்கப்போறேன் பாப்பா. எறும்புக்குக்கூட கேக்காது."

நான் அப்பாவின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் நானும் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஊசி உட்கார்ந்தது. ஒற்றை கிதார், நிறைந்த குடத்தில் தண்ணீர் சொட்டுவது போல. கோயில் நாயனத்திலும் ரேடியோவிலும் நான் கேட்காத சத்தம். காதைப் பெட்டியோடு வைத்துக்கொண்டேன். சரியாகக் கேட்கவில்லை என்று மாமா குமிழைத் திருகினார். அப்பாவின் அறைக் கதவு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார்.

இப்போது யாராவது செல்போனில் இந்த மாதிரிப் பாட்டை வைத்தால் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், பொறு, இனிமேல்தான் இடிக்கும் என்று. அன்றைக்குச் சொல்ல யாரும் இல்லை. ஒரே நொடியில் இரும்பு உறுமியது, டிரம் இடித்தது, நடுவில் ஒருவன் கதறினான்.

கதவு படீரென்று திறந்தது. லுங்கியோடு அப்பா. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை.

"நிறுத்து! பெல்ட்ட நிறுத்து! ஆளு உள்ள இருக்கான்!"

சுவரோரம் இரண்டு கையாலும் எதையோ பிடித்து இழுக்கத் தேடினார். பெல்ட்டை நிறுத்த அதன் ஓரமாகவே ஒரு கயிறு ஓடுமாம்.

மாமா ஊசியைத் தூக்கினார். ஈரக் கையோடு அம்மா ஓடி வந்தாள். அப்பா பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நானே கெளம்பிடுறேன் மாமா" என்று மாமா கொடியில் கிடந்த தன் சட்டையை எடுத்தார். நான் அழ ஆரம்பித்தேன்.

அப்பா தரையில் உட்கார்ந்தார். "பாட்டா அது?"

"ஆமா மாமா."

"வெறும் பாட்டுதானா?"

"சத்தியமா பாட்டுதான் மாமா."

"திரும்பப் போடு."

கிதார் மறுபடியும் தண்ணீராய்ச் சொட்டியது. உறுமல் வந்ததும் அப்பா என் தோளைப் பிடித்தார். வலித்தது. பாட்டு முடிந்து ஊசி வெறுமனே உரசும் வரைக்கும் விடவில்லை.

"முடிஞ்சிடுச்சா? வேற ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல மாமா."

"இன்னொரு தடவை."

அடுப்படியில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாமாவிடம் கிசுகிசுத்தாள். "போன மாசம் இவுரு கண்ணெதிர்ல ஒருத்தன் பெல்ட்டுல மாட்டிகினான்டா. அன்னிலேர்ந்து படுக்குறாரே தவுர தூங்குறதில்ல."

அதுவும் என் காதில் விழுந்தது. பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்.

அன்று அப்பா விளக்கு வைக்கும் வரை தூங்கினார். மாமாவை ஊருக்குப் போகச் சொல்லவே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசர் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கள் அப்பாவுக்கு இங்கிலீஷ் பாட்டு என்றால் உயிர், அதைக் கேட்டால்தான் தூக்கமே வரும் என்றேன். ஒருத்தியும் நம்பவில்லை. சட்டையை விலக்கித் தோளில் சிவந்திருந்த விரல் தடத்தைக் காட்டினேன்.

"பாத்துக்குங்க. எங்கப்பா தாளம் போட்டது."