அப்பா உட்காரும் பக்கம்

சுனாமிக்குப் பிறகு அப்பாவின் படகு கிடைத்தது, அப்பா கிடைக்கவில்லை. வாரம் முழுக்க ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு, ஞாயிறு காலையில் பாய் விரித்து மீனுக்குப் போவது அவர் வழக்கம். அலை வந்ததும் ஒரு ஞாயிறுதான். எங்கள் கட்சால் தீவின் மறுபக்கம் அலையாத்திக் காட்டுக்குள், பாய்மரம் ஒடிந்து, யாரோ கொண்டுவந்து நிறுத்தியதுபோல் நேராக நின்றது படகு.

அம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டார்கள். படகைக் கொட்டகையில் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தோம். அதன் பின்பக்கம், அப்பா உட்காரும் இடத்தில், எந்த வெயிலுக்கும் ஈரம் காயாது. அம்மா காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். அதைப் பார்த்தாலே எனக்குப் பாவமாக இருக்கும். எரிச்சலும் சேர்ந்தே வரும்.

போன வருஷம் ஒரு முடிவுக்கு வந்தேன். படகைப் பழையபடி பாயில் ஓட வைத்து, தை அமாவாசைக்கு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போய், கடலிலேயே அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அம்மாவின் ஆயுள் அந்த ஈரத்தைத் தொட்டுத் தொட்டே கழிந்துவிடும்.

"படகச் சரி பண்ணு, தம்பி. எள்ளப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள் அம்மா. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அந்த 'அப்புறம்' வரவே வராது.

வேலைக்கு வந்த மிஸ்திரி தெலுங்குக்காரர், எங்கள் தீவில் எல்லோரையும்போல இந்தி கலந்து பேசுவார். உளுத்த பலகைகளைக் கழற்றினார். ஈரம் காயாத அந்தப் பலகையும் அதில் போனது. "உப்பு ஊறின லக்கடி பையா, காத்துல இருக்கிற தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருக்கும்" என்றார். புதுப் பலகைகளுக்கு நடுவே பஞ்சும் குங்கிலியமும் அடைத்தார். பிறகுதான் எனக்குப் பிடிக்காத வேலை வந்தது. வருஷக்கணக்கில் காய்ந்த படகை அப்படியே கடலில் இறக்கினால் இடுக்கெல்லாம் ஒழுகும். முதலில் கல்லேற்றித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும். மரம் ஊறிப் பருத்துத் தானே இடுக்கை மூடிக்கொள்ளும். ஓடையில் அதை அமிழ்த்தியபோது கரையில் நின்ற அம்மா நாங்கள் ஏற்றிய கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை படகு மிதந்துகொண்டிருந்தது. உள்ளே போட்ட கற்கள் கரையில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

எவனோ விளையாடுகிறான் என்று திட்டிக்கொண்டே மறுபடி அமிழ்த்தினோம். அடுத்த காலையும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. முதலை நடமாடும் ஓடை அது. பொழுது சாய்ந்தால் நாய்கூட இறங்காது. மிஸ்திரி சாமானை மூட்டை கட்ட ஆரம்பித்தார். "மனுஷன் வேலை இல்ல பையா இது. உள்ள இருக்கிறவருக்கு முங்கிக் கிடக்கப் பிடிக்கல" என்றார். சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் விடிகிற நேரம் தனியாகப் போனேன். வற்றம், ஓடையில் தண்ணீர் இறங்கியிருந்த நேரம். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதற்குள் யாரோ குனிந்து குனிந்து நிமிர்ந்தார்கள். தண்ணீர் அள்ளிக் கொட்டும் சத்தம் ஒரே சீராக வந்தது. முகம் திரும்பியபோதுதான் பொட்டு தெரிந்தது. கையில் சோறு வடிக்கும் எங்கள் வீட்டுச் சட்டி.

"பைத்தியமாம்மா ஒனக்கு? முதல இருக்குன்னு தெரியாதா?" என்று கத்தினேன்.

அம்மா நிறுத்தவில்லை. "ஆள உள்ள வச்சுக்கிட்டே தண்ணிய நெரப்புறீங்களே. ஒருவாட்டி முங்குனது பத்தாதா அவருக்கு?"

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தேன். பிணத்தின் கை மாதிரி சில்லிட்டிருந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்து, இனி அவளைத் தனியாக விடக்கூடாதென்று மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு படகு முங்கியே கிடந்தது.

தை அமாவாசை காலையில் பாய் ஏறியது. எஞ்சின் இல்லாத படகு எவ்வளவு அமைதியாகப் போகும் என்பதை மறந்தே போயிருந்தேன். அம்மா புதுப்புடவை கட்டி வந்திருந்தாள், மடியில் அதே சட்டி. சுக்கான் பிடிக்க நான் பின்பக்கம் உட்காரப் போனேன்.

"அங்க ஒக்காராத. அவருக்கு எடம் விடு."

நின்றுகொண்டே சுக்கானைப் பிடித்தேன். என் காலடியில் அந்தக் காலியிடம். அதைக் குனிந்து பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கரை சிறுத்தபோது அம்மா தவழ்ந்து வந்தாள், அள்ளுவதற்குச் சட்டியை இறக்கினாள். வெறும் மரத்தில் இடித்தது. அடிப்பலகை முழுக்க உள்ளங்கையால் தடவினாள். பிறகு என் காலடியில், அப்பா உட்காரும் இடத்தில், வெகுநேரம் தடவினாள்.

பலகை புதிது, இடுக்கு மூடிக்கொண்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அம்மா உலர்ந்த கையை என் பக்கம் நீட்டிக் காட்டினாள். "சொட்டு ஈரம் இல்ல, தம்பி. எறங்கிப் போயிட்டாரு."

சட்டியைக் கடலில் விட்டு நிறையத் தண்ணீர் மொண்டு என் முன்னால் வைத்தாள்.

"எள்ள எடு" என்றாள்.