பாதி மூடிய கதவும் இரண்டு இரவு மிலானும்

ஒர்னெல்லா பிறந்து வளர்ந்தது எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். நடுவில் முற்றம், சுற்றிலும் கம்பி போட்ட நடைவழிகள், தெருப் பக்கம் பெரிய இரட்டைக் கதவு. இப்போது அவள் வெளிநாட்டுக்காரர்களுக்கு 'மிலானில் இரண்டு இரவு' என்று திட்டம் போட்டுக் கொடுக்கிறாள். எந்தக் கடையில் செருப்பு வாங்குவது, எங்கே குங்குமப்பூச் சோறு சாப்பிடுவது, எந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது, எல்லாம் அவள் சொல்வதுதான். பள்ளி முடித்துச் சும்மா இருந்த என்னை, வருகிறவர்களுக்குப் பதில் எழுத வைத்துக்கொண்டாள்.

'அசல் மிலான்காரர்களோடு முற்றத்தில் ஒரு கோப்பை ஒயின்' என்பதும் அவள் திட்டத்தில் உண்டு. அந்த அசல் ஆட்கள் நாங்கள்தான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

"வெள்ளைத் துணியா மட்டும் காயப்போடுங்க அத்தை, படத்துல எடுப்பா இருக்கும்" என்பாள், நடைவழியில் துணி உலர்த்தும் பெண்களிடம்.

மூன்றாம் மாடி தெல்ஃபீனா இறந்ததும், காவல்காரி அம்னெரிஸ் வாசல் கதவின் ஒரு பக்கத்தைச் சாத்திக் கறுப்பு ஓரமிட்ட அறிவிப்பை ஒட்டினாள். இங்கே சாவு விழுந்தால், சவப்பெட்டி வெளியேறும் வரை கதவு பாதிதான் திறந்திருக்கும். ஒர்னெல்லாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில், அவள் அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை தெல்ஃபீனா வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு.

அடக்கத்தன்று காலையில் ஒர்னெல்லாவின் விருந்தாளிகளும் வருவதாக இருந்தது.

"அம்னெரிஸ் அக்கா, அந்தக் கதவையும் திறங்க. வண்டி உள்ள வரணும்."

"ஏண்டி, தெல்ஃபீனா இன்னும் மேலதான இருக்கா?"

"அவங்களுக்கு இப்ப என்ன அவசரம்?"

"வாயைக் கழுவுடி, கழுதை!"

ஒர்னெல்லா சிரித்தாள். தானே தாழ்ப்பாளைத் தூக்கினாள். அறிவிப்பைக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்தாள். கறுப்பு ஓரம் படத்தைக் கெடுக்கிறதாம்.

நான்கு பேர் பெட்டியைத் தோளில் சுமந்து படியிறங்கினார்கள். பின்னால் வந்த தெல்ஃபீனாவின் கணவர் எர்மேத்தே விரியத் திறந்த கதவைப் பார்த்தார். போய் ஒரு பக்கத்தைச் சாத்தித் தாழிட்டார். அந்த நேரம் பார்த்து வண்டி வெளியே வந்து நின்றது. விருந்தாளிகளான கணவனும் மனைவியும் பெரிய பெரிய பயணப்பெட்டிகளோடு இறங்கினார்கள்.

"ரெண்டே நிமிஷம் மாமா. விருந்தாளிங்க முதல்ல உள்ள வந்துரட்டும்" என்று ஒர்னெல்லா வழியை மறித்து நின்றாள். சுமந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

கதவு ஏன் பாதி மூடியிருக்கிறது என்று வெளியிலிருந்து அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்களுக்காகத்தான். முக்கியமானவங்க வந்தா இப்படி மூடுறது எங்க வழக்கம்" என்றாள் ஒர்னெல்லா, அதே ஆங்கிலத்தில், கண் இமைக்காமல்.

அந்தப் பெண் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவோரம் ஒதுங்கித் தொப்பியைக் கழற்றினாள். ஒர்னெல்லா மட்டும் இன்னும் வாசலை அடைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்று கையசைத்தாள்.

"நீ முதல்ல போம்மா" என்றார் எர்மேத்தே. "நீயும் இப்ப விருந்தாளிதானே."

"நன்றி மாமா" என்று சொல்லிவிட்டு, அவள் உண்மையிலேயே பெட்டிக்கு முன்னால் வெளியே போனாள்.

பதில் எழுத அவள் கொடுத்திருந்த கைப்பேசியை அம்னெரிஸின் சன்னலில் வைத்துவிட்டு, நான் தெல்ஃபீனாவின் பின்னால் நடந்தேன்.