தையல்காரன் பிரித்த எஞ்சின்

லாரி எஞ்சினைப் பிரிக்கத் தைரியம் இருந்தால் போதும். மறுபடி பூட்டுவதற்குத்தான் கொஞ்சம் மூளையும் நிறையப் பொறுமையும் வேண்டும். வாசலில் நின்றுபோன வண்டியைப் பார்த்துப் பார்த்து, 'நாமே பிரித்துப் பார்த்தால் என்ன' என்று ஒரு நாள் ஸ்பேனரைக் கையில் எடுத்த புண்ணியவான்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், வருத்தமில்லை.

எனக்குத் தொழில் தையல். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டின் முன்னறைதான் கடை. லாரி, அடுத்த வீட்டிலிருக்கும் என் அண்ணன் அருளப்பனுடையது. மூக்கு நீண்ட பழைய வண்டி. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். சேலத்திலிருந்து லோடு ஏற்றி வந்தவர், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து வெள்ளையாய்ப் புகை கக்கியதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பதறிப்போய் கேபினிலிருந்து குதித்தார். இடது கால் முறிந்தது. அண்ணன் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். வண்டி இன்னொரு லாரியின் பின்னால் சங்கிலியில் வந்தது. வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தார். தர்மபுரிப் பட்டறைகளில் மாங்காய் சீசன் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. 'சீசன் முடியட்டும், பார்க்கலாம்' என்றார்கள். சீசன் முடிந்தபின் அண்ணனுக்கு வண்டி எதற்கு?

பால் ஊற்றிய டீ

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். கறுப்பாக வரவேண்டியது, பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது. அதை அப்படியே கட்டிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணனுக்கு ஓட்டத்தான் தெரியும். எஞ்சினுக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் அந்த நிறத்துக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. "ஆயில்ல தண்ணி பூந்துருச்சுடா. அவ்வளவுதான்" என்று சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடுவதும் குறைந்தது, பேசுவதும் குறைந்தது. வாசல் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டார்.

செய்தி எப்படிப் போனதோ, மறுநாள் காலையில் அதியமான்கோட்டையிலிருந்து பழைய இரும்பு வியாபாரி மாணிக்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். விற்றுவிடலாம் என்று அண்ணன் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். எனக்கு எங்கிருந்து அந்த ரோஷம் வந்தது என்று தெரியவில்லை. "விக்கிறதா இல்லீங்க. நானே பிரிச்சுப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். என் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்த மாணிக்கம் சொன்னார்: "சரிங்க, பிரிங்க. பிரிச்சு வெச்சா எனக்கும் தூக்கறதுக்கு லேசா இருக்கும்."

இஞ்சினுக்கு மட்டும் பத்துதா?

பிரிக்க ஆரம்பித்த முதல் நாளே ஒன்று புரிந்தது. எல்லா நட்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்; ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. எழுதி வைக்கலாமென்றால் எந்தப் பாகத்துக்கும் எனக்குப் பேர் தெரியாது. ஆகவே தெரிந்த வழியில் போனேன். கடையில் கிடந்த வெட்டுத்துணிகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு நட்டிலும் அது இருந்த இடத்திலும் ஒரே நிறத் துணியை முடிந்து வைத்தேன். சிவப்புக்குச் சிவப்பு, பூப்போட்டதற்குப் பூப்போட்டது. சாயங்காலத்துக்குள் எஞ்சின் மாரியம்மன் தேர் மாதிரி ஆகிவிட்டது. தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

மேலத்தெருப் பச்சையம்மா ரவிக்கை வாங்க வந்தார். அவருக்கு முழங்கை வரைக்கும் கை வைத்துத் தைக்க வேண்டும். துணி போதவில்லை என்று குட்டைக் கையாகத் தைத்திருந்தேன். வாசலிலேயே நின்று எஞ்சினை உற்றுப் பார்த்தார். மஞ்சள் கரை போட்ட ஒரு பச்சைத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "ஏங்க டெய்லரு, எங்கைக்குப் பத்தலன்னீங்க, இஞ்சினுக்கு மட்டும் பத்துதுங்களா?"

பூசை முடிந்து வந்த கூட்டம்

எஞ்சினின் தலைப்பாகத்தை, அதாவது ஹெட்டைத் தூக்குவது ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, ஒரு கை கொடுக்க முடியுமா என்று நாலு பேரைக் கேட்டேன். ஊரே வந்துவிட்டது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்றடியிலிருந்து வடக்கயிறு கொண்டுவந்து, புளியமரக் கிளையில் போட்டு இழுத்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. இடப்பக்கம் இழு என்பார் ஒருவர். வலப்பக்கம் என்று அதட்டுவார் இன்னொருவர். கடைசியில் ஹெட் பட்டென்று ஒட்டு விட்டு மேலே எழும்பியது. அடியில் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைத்திருக்கும் கேஸ்கட் தகட்டில், இரண்டு சிலிண்டருக்கு நடுவே விரல் அகலத்துக்குக் கருகிப் போயிருந்தது. தண்ணீர் புகுந்த வழி அதுதான். நோய் இன்னதென்று கண்ணால் பார்த்த அன்றுதான் எனக்கு வயிறு நிறைய சோறு இறங்கியது.

சத்தம் கேட்டு எங்கள் பங்குச் சாமியாரும் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். கயிற்றைப் பிடித்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதில் பாதிப்பேர் ஈஸ்டருக்குக்கூட கோயில் பக்கம் வராதவர்கள். என் தோளில் கையை வைத்துச் சொன்னார்: "பூசைக்கு வராதவனெல்லாம் இங்க நிக்கறான். அடுத்த ஞாயிறும் எதையாச்சும் கழட்டி வெய்யப்பா, நான் இங்கயே வந்து பிரசங்கம் வெச்சுக்கறேன்."

கைரேகை

டீசல் வேலையில் ஒரு சங்கடம்: எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. ஒரு கல்யாண மாப்பிள்ளை சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தார். பளீரென்ற வெள்ளை டெரிகாட்டன். தோள் சரியாக இருக்கிறதா என்று வழக்கம்போல முதுகில் கையை வைத்து நீவிவிட்டேன். என் மனைவி ஸ்டெல்லா 'ஐயோ' என்றாள். ஐந்து விரலும் அச்சடித்த மாதிரி பதிந்திருந்தது. அன்றிலிருந்து எஞ்சின் வேலை முடிகிறவரை நான் துணியைத் தொடக்கூடாது, தான்தான் வெட்டுவதும் தைப்பதும் என்று அவள் சட்டம் போட்டுவிட்டாள். அந்தச் சட்டையையும் எலுமிச்சம்பழம் தேய்த்து அவள்தான் காப்பாற்றினாள். மாப்பிள்ளை நல்ல மனுஷர், கறை பதிந்தபோதும் கோபிக்கவில்லை. கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கல்யாணத்துக்குத்தான அண்ணா போறேன், போலீஸ் ஸ்டேஷனுக்கா?"

மண்ணெண்ணெய்ப் பரீட்சை

கொதித்துப்போன ஹெட் வளைந்திருக்கும், சில சமயம் விரிசலும் விட்டிருக்கும் என்று தர்மபுரி ஸ்பேர்ஸ் கடையில் சொன்னார்கள். வளைவு என்றால் லேத்தில் இழைத்துச் சரிசெய்யலாம். விரிசல் என்றால் மாணிக்கம் ஜெயித்துவிடுவார். சந்தைக்குப் போகிற ஒரு மாட்டு வண்டியில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஹெட்டை வைத்து, வழியெல்லாம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே போனேன்.

லேத் பட்டறைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதையும் நிதானமாகச் செய்வார். ஹெட்டைக் கழுவித் துடைத்து, சுண்ணாம்பு பூசி, மறுபக்கம் மண்ணெண்ணெய் ஊற்றினார். விரிசல் இருந்தால் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக்கோடு தெரியுமாம். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததுதான் கண்ணில் நின்றது. வியர்வை வழிந்து கண் எரிந்தது, துடைக்கவும் பயம். பட்டறைக்காரர் மெதுவாகப் பீடியைப் புகைத்து முடித்து, குனிந்து பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்: "விரிசல் இல்லப்பா, வளைவுதான். போயி மொகம் கழுவு. ஹெட்ட விட உன் மூஞ்சிதான் ரொம்பக் கொதிச்சிருக்குது."

டீசல் வாடை

புதுக் கேஸ்கட்டைப் போட்டு, லேத்தில் இழைத்துக் கொண்டுவந்த ஹெட்டைக் கயிற்றில் இறக்கினோம். நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும் என்று ஸ்பேர்ஸ் கடையில் சொல்லியிருந்தார்கள். காலர் தைக்கிறபோது நடுவில் ஊசி குத்திவிட்டு ஓரத்துக்குப் போவோமே, அதே கணக்கு என்பதால் சுலபமாகப் பிடிபட்டது. ஆயில், தண்ணீர், டீசல் எல்லாம் ஊற்றி, சிலுவை போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. பேட்டரி முனக ஆரம்பித்தது. 'எங்கோ தப்புப் பண்ணிவிட்டேன்' என்று தலையைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துடா! டீசல் வரல! காத்து அடைச்சிருக்குது!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். அண்ணன்தான். அத்தனை நாளாய் வாசலைப் பார்க்காதவர், கட்டைகளை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். அண்ணன் எஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பம்பை அமுக்கினார்; நான் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தினேன். முதலில் நுரை வந்தது. பிறகு முத்து முத்தாய்க் காற்று. பிறகு கண்ணாடி மாதிரி சுத்தமாக டீசல் வழிந்தது. அண்ணன் அதை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். மாசக்கணக்கில் பார்க்காத சிரிப்பு முகத்தில். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தினி நாளா மாத்திர வாங்கிக் குடுத்தோம். டீசல் வாடதான் மருந்துன்னு ஆஸ்பத்திரில ஒருத்தராச்சும் சொன்னாங்களா?"

தள்ளு ஸ்டார்ட்

பேட்டரி செத்துவிட்டது. தெருச் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்ய ஆள் சேர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே உட்கார்ந்து ஓட்டுவது யார்? அண்ணனால் கிளட்ச் மிதிக்க முடியாது. எனக்கு, வெளியே சொன்னால் வெட்கம், சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. அந்த நேரம் பார்த்து, வண்டி எந்த நிலைமையில் இருக்கிறது என்று விசாரிக்க மாணிக்கம் வந்து நின்றார். "நான் பழைய டிரைவருதானுங்க, தள்ளுங்க பாப்போம்" என்று சைக்கிளைச் சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் பிடிக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

தள்ளினோம். வண்டி உருண்டது. கிளட்சை விட்டதும் ஒரு உதறல், ஒரு இருமல். பிறகு தெருவில் காய்ந்த துணியெல்லாம் கறுக்கும்படி ஒரு புகை. அதற்குள்ளிருந்து, தடதடவென்று, நிற்காமல் ஓடுகிற எஞ்சின் சத்தம். ஸ்டெல்லா கையில் கத்தரிக்கோலோடு தெருவில் குதித்தாள். அண்ணன் ஊன்றுகட்டையைத் தலைக்கு மேலே தூக்கினார். கீழே இறங்கிய மாணிக்கம் எஞ்சினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்: "பாருங்க சாமி, எம் பொழப்ப நானே என் கையால ஸ்டார்ட் பண்ணி வுட்டுட்டேன்!"

முதல் லோடு

கட்டுப் பிரித்து, அண்ணன் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தபோது மாங்காய் சீசன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பெங்களூருக்கு ஒரு லோடு கிடைத்தது. மண்டிக்காரர் ஒருவர், அண்ணன், நடுவில் நான். கிருஷ்ணகிரி தாண்டுகிறவரை நான் வெளியே ஒரு மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. காது முழுக்க எஞ்சினில்தான். டக்கென்று ஒரு சத்தம் வந்தாலும் ஸ்பேனர் பையைத் தொட்டுக்கொள்வேன். அண்ணனோ ஒரு கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடி ஓட்டினார்.

"எஞ்சின் நல்லா இழுக்குதே, எந்தப் பட்டறைல வேல பாத்தீங்க?" என்று மண்டிக்காரர் கேட்டார். அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே, ரொம்பப் பெருமையாக, "பட்டறையெல்லாம் இல்லீங்க. வூட்டு வாசல்லயே இந்தா, என் தம்பி பாத்தான். டெய்லருங்க அவன்" என்றார். மண்டிக்காரர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சூளகிரி வந்ததும் மெல்ல அண்ணன் பக்கம் குனிந்தார்: "டிரைவரே, தப்பா நெனைக்காதீங்க. என்னைய இங்கயே எறக்கி வுட்டுடுங்க, நான் பின்னாடி பஸ்ல வந்தர்றேன்."

எஞ்சினைச் சரிசெய்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், அதற்குப்பின் ஊரார் தையலுக்கு ஸ்டெல்லாவையும், ஓடாத கிணற்று மோட்டாருக்கு என்னையும் தேடி வர ஆரம்பித்ததுதான்.