அறிவுச்செல்வன் அளந்த விண்மீன்

ஒரு கோடு தலைமுடி அகலம் நகர்ந்தாலும் அறிவுச்செல்வனுக்குப் பொறுக்காது. திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989-ல் நில அளவைப் பிரிவுக்கு வரைவாளராக வந்தவர். வரப்புச் சண்டைக்காரர் யாராவது “கொஞ்சம் பாத்து போடுங்க சார்” என்று குழைந்தால், “பாத்துதாங்க போட்டிருக்கேன்” என்பார். அதோடு பேச்சு முடிந்தது. நான் அதே அலுவலகத்தில் தட்டச்சர். வேங்கிக்காலில் அவருக்குப் பக்கத்து வீடு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மொட்டை மாடி. அதனால் அவருடைய பைத்தியத்தை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

வானத்தில் மீரா என்றொரு சிவப்பு விண்மீன் இருக்கிறது. வயதாகி, ஊதிப் பெருத்துப்போனது. ஏறக்குறைய பதினோரு மாதத்துக்கு ஒருமுறை விம்மி அடங்கும். அடங்கும் காலத்தில் வெறும் கண்ணுக்கே தெரியாது. பிறகு மெல்ல வெளிச்சம் ஏறும். அது எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பக்கத்தில் மாறாமல் நிற்கும் விண்மீன்களோடு ஒப்பிட்டு எழுதி, சென்னையில் உள்ள ஒரு வான்நோக்குவோர் சங்கத்துக்கு மாதாமாதம் தபாலில் அனுப்புவதுதான் அவருடைய வேலை. சம்பளம் கிடையாது. நான் கேட்டதற்கு, “உங்களுக்கு சீரியல் பாக்க சம்பளம் தராங்களா?” என்று வாயை அடைத்துவிட்டார்.

சாமி கும்பிடாதவர். அவர் மனைவி உண்ணாமலை, மலையடியில் அடி அண்ணாமலை கிராமத்தில் பிறந்தவர். கார்த்திகை தீபத்தன்று பட்டினி கிடந்து, மலையில் தீபம் தெரிந்ததும் கண்கொட்டாமல் பார்த்துக் கைகூப்பிவிட்டுத்தான் வீட்டில் விளக்கேற்றுவார். “எண்ணெய் எரியுது, அவ்ளோதான்” என்று இவர் சீண்டுவார். அவரும் சளைத்தவர் இல்லை. “உங்க மீராவும் எரியுது, அவ்ளோதான்” என்பார்.

1998-ல் சங்கம் பத்தாண்டு அளவுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட முடிவு செய்தது. ஒன்பது ஆண்டுகள், சூரியன் மறைக்கும் மாதங்களைத் தவிர, விடாமல் பார்த்தவர் இவர் ஒருவர்தான். முதல் பக்கத்தில் இவர் பெயர் வரும் என்று எழுதியிருந்தார்கள். ஆபீஸ் முழுக்கக் காபி வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

தீபம் முடிந்த ஐந்தாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. மற்றவர்கள் எல்லோருடைய அளவையும் விட இவருடையது எப்போதும் தூக்கலாகவே இருக்கிறதாம். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு வெளிச்சம் ஏறிக்கொண்டே போகும், சட்டென்று பார்த்துவிட்டு விலக வேண்டும், தாங்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

“என் கண்ணுல தப்பா?” என்று கொதித்துப் போனார். அன்று இரவு எட்டு மணிக்கு நானும் மாடியில் இருந்தேன். துணி எடுக்க வந்த உண்ணாமலையைக் கூப்பிட்டு, மீராவையும் பக்கத்தில் இரண்டு விண்மீன்களையும் காட்டினார். ஒன்று பிரகாசமானது, மற்றது மங்கல். “எதோட சேத்தி இது? சட்டுனு சொல்லு.”

உண்ணாமலை ஒரு பார்வை பார்த்தார். “மங்கலா இருக்கே, அதோட சேத்தி.”

இவர் நோட்டில் எழுதியிருந்தது பிரகாசமானதோடு. மூன்று நாள் அதையே செய்து பார்த்தார்கள். மூன்று நாளும் அதே பதில்.

“நீங்க பாக்கறத நான் பாத்துட்டுதான் இருக்கேன்,” என்றார் உண்ணாமலை மூன்றாம் நாள், துணியை மடித்தபடி. “கண்ணு கொட்டாம நிக்கறீங்க. நான் மலைய பாக்கறேனே, அதே மாதிரி. இதுக்கு பேரு அளக்கறதா? கும்புடறது.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். அன்று நோட்டை மூடிக்கொண்டு கீழே இறங்கினார். எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்தார். “ராஜம்மா, ஒரு லெட்டர் அடிக்கணுங்க. என் அளவு அத்தனையும் எடுத்துட சொல்லி.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “தூக்கலா இருக்கறத கழிச்சுட்டா போச்சு சார். ஒம்போது வருஷத்த யாராச்சும் குப்பைல போடுவாங்களா?”

“எவ்ளோ கழிப்பீங்க? ஒரு நாள் ஜாஸ்தி நேரம் பாத்திருப்பேன், ஒரு நாள் கம்மி. குறிச்சா வெச்சேன்? நெலம்னா மறுபடி சங்கிலி புடிச்சு அளந்துடலாங்க. தொண்ணூத்தொண்ணு டிசம்பர எங்க போய் அளக்கறது?”

“புத்தகத்துல பேரு?”

“தப்பான கோட்டுக்கு கீழ என் பேரு வேணாங்க.”

தாளைச் செருகினேன். பொருள், பார்வை, தேதி எல்லாம் வழக்கப்படி அடித்தேன். அளவுகளை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன் என்றும் அடித்தாயிற்று. “காரணம் போடணுமே சார்,” என்றேன். கண் கோளாறு என்று போட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை என்று நானே வழியும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரம் பிடித்தது.

“அளக்க வேண்டியத ஆசையா பாத்துட்டேன்னு போடுங்க,” என்றார்.

ஆபீஸ் தமிழுக்கு மாற்றாமல், அவர் சொன்னபடியே அடித்தேன்.