சுருதி சொல்லாமல் ஏறிய மேடை

சித்தையன்கோட்டைத் திருவிழாவில்தான் எனக்கு முதல் ராஜா வேஷம். எங்கள் நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. நடிகர்கள் மேடையில்தான் சந்திப்போம். சீக்கிரமே போய்விட்டேன். இருப்புக்கொள்ளாமல் மீசையை நாலு தடவை ஒட்டிப் பார்த்தேன். ஆர்மோனியக்காரர் பக்கம் போகவில்லை.

அவர் ஐந்து கட்டைச் சுருதியில் வாசித்தார். என் குரல் நாலைத் தாண்டாது. முதல் அடியிலேயே பிசிறடித்தது.

“ஏலே, ராசாவுக்குச் சுக்குத்தண்ணி குடுங்க!” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

மறுபடி பிசிறினால் அந்தப் பக்கம் யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். பாட்டை விட்டு வசனத்துக்குத் தாவினேன். அதற்குள் ஆர்மோனியக்காரர் புரிந்துகொண்டு சுருதியை இறக்கினார். தப்பித்தேன்.

“மீசை ஒட்டுன நேரத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அப்பு?” என்றார் பிறகு.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும், “நமக்கு நாலு கட்டைண்ணே” என்று ஆர்மோனியக்காரரிடம் சொன்ன பிறகுதான் அரிதாரப் பெட்டியைத் திறக்கிறேன்.