எழிலின் அட்டையில் ஒரு சிவப்பு

யோகலட்சுமி டீச்சருக்குக் கோபம் வந்தால் அலமாரிக் கதவுதான் அடி வாங்கும். தாயில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள அந்த அங்கன்வாடியில் பிள்ளைகளை அவர் அதட்டிக்கூட யாரும் பார்த்ததில்லை. கோபமெல்லாம் பெரியவர்கள் மேல்தான். இந்த முறை அந்தக் கதவு படாத பாடு பட்டது. காரணம், எழில் என்கிற மூன்று வயதுப் பிள்ளையின் மதிப்பீட்டு அட்டை.

ஓடுவது, கையால் செய்வது, பழகுவது, பேசுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அட்டையில் நிறம் குறிக்க வேண்டும். வயதுக்கு ஏற்றபடி இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எழிலுக்கு எல்லாமே பச்சை, பேச்சு மட்டும் சிவப்பு. மற்றப் பிள்ளைகள் பாடும்போது அவள் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னால் நின்று கைதட்டினால் திரும்ப மாட்டாள். காது கேட்கவில்லையோ என்று டீச்சருக்குப் பயம். பேச்சு பழகுகிற வயது கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறதே என்று கிடந்து தவித்தார்.

எழிலின் அம்மா ரோஜா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சீசன் நேரம். காலையில் கம்பெனி வேனைப் பிடிக்கிற அவசரத்தில் அட்டையைப் பரீட்சை மார்க் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இம்புட்டுப் பச்சை இருக்குல்ல டீச்சர்? ஒண்ணுதான் சிவப்பு. அப்பப் பாஸ்தான?"

"இதுல பாஸும் இல்ல, பெயிலும் இல்ல ரோஜா. பச்சை எம்புட்டு இருந்தாலும் இந்தச் சிவப்ப அது சரிக்கட்டாது. விருதுநகர் பெரியாஸ்பத்திரியில புள்ளைக்குக் காது டெஸ்ட் பண்ணிப் பாரு."

"காதா? அவ வெடிச் சத்தத்துக்கே அசர மாட்டா. தீவாளிக்கு மத்த புள்ளைக எல்லாம் அலறுது, இவ சிரிச்சிக்கிட்டு நிக்கா. தைரியக்காரி! அவுக அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாக. சிவப்பப் பச்சையா மாத்திருங்க டீச்சர். யாராச்சும் பாத்தா புள்ளைய ஒரு மாதிரி நெனைப்பாக."

வெடிக்குப் பயப்படாத பிள்ளை என்றால் இந்தப் பக்கம் அத்தனை பெருமை. அந்தப் பெருமையோடு யார் மல்லுக்கட்டுவது?

மேலதிகாரியிடம் சொன்னால் அங்கேயும் அதே கதைதான். "மொத்தமாப் பாத்தா நல்லாத்தானம்மா இருக்கு" என்றார். மொத்தமாம் மொத்தம்! பிள்ளை என்ன மிளகாய் வத்தல் மூட்டையா, மொத்தமாக எடை போட? அன்று அலமாரிக் கதவின் கீல் ஆடிப்போனது.

ஒரு மதியம் வானம் கறுத்தது. இடி மின்னல் என்றால் கம்பெனியில் வெடிமருந்தைத் தொட விடமாட்டார்கள், ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்த ரோஜா அங்கன்வாடி வாசலில் கால் வைக்கவும் தலைக்கு மேலேயே ஓர் இடி இடித்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு டீச்சர் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த எழில் மட்டும் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீகளா டீச்சர், எம்மவள!" என்றாள் ரோஜா.

யோகலட்சுமி கையை நீட்டித் தடுத்தார். "அங்கனயே நில்லு. கிட்டப் போகாம, பேரச் சொல்லிக் கூப்பிடு."

"எழிலு... ஏ எழிலு!"

சேலையைப் பிடித்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ரோஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எழில் அடுத்த கட்டையை எடுத்தாள். ரோஜா குரல் உடையக் கத்தினாள். கட்டை ஒன்று சரிந்து வாசல் பக்கம் உருண்டது. அதை எடுக்கத் திரும்பிய எழில் அப்போதுதான் அம்மாவைக் கண்டாள். முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள்.

ரோஜா மகளை வாரித் தூக்கி, அவள் காதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "தைரியக்காரி, தைரியக்காரின்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே டீச்சர்" என்று விம்மினாள்.

ஜெயித்த சந்தோஷம் டீச்சருக்குத் துளியும் இல்லை. ஒரு தாய்க்கு இதை இப்படியா புரியவைப்பது என்று எரிச்சல்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் காட்டக் கொடுப்பதற்காக அட்டையை எடுக்க அலமாரியைத் திறந்தார்.

ரோஜா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "நாளைக்கே விருதுநகர் போறேன் டீச்சர். அந்தச் சிவப்ப மட்டும் மாத்திராதீக."